‘நீங்க எந்தத் தெரு?’: டெல்டாவில் இருந்துகொண்டு பண்பாட்டு மானிடவியல் படிப்பது

மக்களின் வழக்கங்களையும் உறவுகளையும் ஆராயும் பண்பாட்டு மானிடவியலுக்கான அறிமுகப் பாடநூல் எதைப் புரட்டினாலும் முதல் அத்தியாயம் முடிவதற்குள் ஒரு தீவு வந்துவிடும். பெரும்பாலும் அது நியூ கினிக்குக் கிழக்கே உள்ள டிரோபிரியாண்ட் தீவு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது பிரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி அங்கே கூடாரம் போட்டுத் தங்கினார். அந்த மக்களின் மொழியைக் கற்றுக்கொண்டு, அவர்கள் கிழங்கு பயிரிடுவதையும் படகு கட்டுவதையும் சண்டை போட்டுக்கொள்வதையும் கூடவே இருந்து பார்த்து எழுதினார். 1922இல் அவருடைய நூல் வெளிவந்த பிறகு, மானிடவியல் என்றால் களத்துக்குப் போக வேண்டும், மாதக்கணக்கில் தங்க வேண்டும், அங்குள்ளவர்களின் பேச்சிலேயே பேச வேண்டும் என்பது எழுதாத சட்டமாயிற்று. பங்கேற்பு உற்றுநோக்கல் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோமே, அது இதுதான்.

காவிரி டெல்டாவில் இதைத் தனிப் பட்டமாகப் படிப்பவர்கள் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் மானிடவியல் துறைகள் இருக்கின்றன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் துறை உண்டு. மற்றபடி சமூகவியலிலோ தமிழிலக்கியத்திலோ ஒரு தாளாக இந்தப் பாடம் வந்து போகும். குடிமைப்பணித் தேர்வுக்கு விருப்பப் பாடமாக எடுத்துப் படிப்பவர்களும் உண்டு. தமிழில் படிக்க வேண்டும் என்பவர்களுக்குப் பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’ கைகொடுக்கும்.

எந்த வழியில் வந்தாலும், ஒரு கட்டத்தில் ஆசிரியர் சொல்வார்: “உங்க ஊரைப் பத்திப் பத்துப் பக்கம் எழுதிட்டு வாங்க.” வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. டிரோபிரியாண்டில் மலினோவ்ஸ்கிக்குச் சித்தப்பாவும் இல்லை, பங்காளித் தகராறும் இல்லை. நம் மாணவருக்கு இரண்டும் உண்டு. சரி, சொந்த ஊர் வேண்டாம், பக்கத்து ஊருக்குப் போகலாம் என்று நோட்டும் பேனாவுமாகப் போனால், முதல் கேள்வியைக் கேட்பது அவராக இருக்காது. “தம்பி எந்த ஊரு?” சொல்வார். “அங்க எந்தத் தெரு?” டெல்டாவில் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதற்கான நாசூக்கான வழி. மேலத்தெரு, குடியானத்தெரு, அக்கிரகாரம், காலனி என்று ஏதோ ஒரு பதில் வாயிலிருந்து வந்த நிமிடமே, திண்ணையில் உட்காரச் சொல்வதா உள்ளே கூப்பிடுவதா, தண்ணீரை எதில் கொடுப்பது, எதைச் சொல்வது எதை விழுங்குவது என்பதெல்லாம் முடிவாகிவிடும். பேட்டி தொடங்கும்போது பாதி பேட்டி முடிந்திருக்கும்.

அறிமுக வகுப்பில் இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி. கோட்பாடுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். டெல்டாவை ஆராய வந்த பெரிய ஆய்வாளர்களையே இந்தக் கேள்வி விட்டுவைக்கவில்லை.

பொய்ப் பெயரில் சில ஊர்கள்

உலகம் முழுக்க மானிடவியல் மாணவர்கள் படிக்கிற ஊர்களில் தஞ்சை மாவட்டத்து ஊர்களும் உண்டு. ஆனால் கும்பப்பேட்டை, கிரிப்பூர், ஸ்ரீபுரம் என்ற அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு வரைபடத்தில் தேடிப் பயனில்லை. மூன்றும் ஆய்வாளர்கள் வைத்த மறைபெயர்கள். முதல் இரண்டும் காத்லீன் கஃப் ஆராய்ந்த ஊர்கள். கேம்பிரிட்ஜில் பயின்ற ஆங்கிலேயப் பெண் அவர். முதலில் கேரளத்தில் நாயர் குடும்ப முறையை ஆராய்ந்துவிட்டு, 1951 முதல் 1953 வரை தஞ்சையில் களப்பணி செய்தார். 1976இல் மறுபடி வந்து அதே ஊர்களைப் பார்த்தார். ஸ்ரீபுரம் ஆந்த்ரே பெத்தேயுடையது. வங்கத்திலிருந்து வந்தவர், தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 1961-62இல் திருவையாற்றுப் பக்கத்து ஊர் ஒன்றில் தங்கி எழுதிய ஆய்வு 1965இல் நூலாக வந்தது.

பத்தாண்டு இடைவெளியில், ஒரே மாவட்டத்தில், ஒரே மாதிரித் தெரு அமைப்புள்ள ஊர்களில் இருவரும் வேலை செய்தார்கள். அக்கிரகாரம் ஒரு பக்கம், பிராமணரல்லாத குடியானவர்களின் தெருக்கள் நடுவில், வயல் தாண்டிப் பள்ளர், பறையர் சேரி. கண்ணில் பட்டது மட்டும் ஒன்றாக இல்லை. கஃப் மார்க்ஸியர். நிலம் யார் பெயரில் இருக்கிறது, பண்ணையாளுக்கு எத்தனை மரக்கால் நெல் கிடைக்கிறது, கடன் யாரிடம், குத்தகை யாருக்கு என்று கணக்கெடுத்தார். பெத்தேய் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் வழியில் வந்தவர். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, ஒரு காலத்தில் மூன்றும் அக்கிரகாரத்திலேயே குவிந்திருந்தன, இப்போது பிரிந்துகொண்டிருக்கின்றன என்று காட்டினார். பிராமணர்கள் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போக, ஊராட்சித் தலைமை பிராமணரல்லாதார் கைக்கு வந்தது அவருக்கு முக்கியமான சான்று.

பெத்தேய் தங்கியது அக்கிரகாரத்தில், ஒரு பிராமணர் வீட்டில். அவர் பிராமணர் இல்லை. ஆனாலும் அங்கே இருந்தவரை பிராமணர்போலவே நடத்தப்பட்டார், அதற்கேற்ப நடந்துகொள்ளவும் வேண்டியிருந்தது. சேரிக்காரர்களின் கண்ணில் அவர் வடக்கிலிருந்து வந்த இன்னொரு ஐயர். அதனால் அக்கிரகாரத்தில் கிடைத்த செய்தியின் ஆழம் மற்ற தெருக்களில் கிடைக்கவில்லை. இதை அவரே வெளிப்படையாக எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காகவே அந்த நூலை முதலாண்டு மாணவர் கையில் கொடுக்கலாம். எந்த வீட்டில் தங்கினேன், யார் என்னோடு பேசினார்கள், யார் பேசவில்லை என்று சொல்கிற ஆய்வுதான் சரிபார்க்கக் கூடிய ஆய்வு.

ஸ்ரீபுரத்தில் களப்பணி முடிந்து ஏழு ஆண்டுகூட ஆகவில்லை; 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுச் செங்கொடிச் சங்கம் நடத்திய போராட்டம்தான் பின்னணி. காவிரி, வெண்ணாறு இரண்டின் தலைப்பக்கத்து அக்கிரகார ஊரும், பெருநிலக்கிழார்கள் கையிலிருந்த கீழத்தஞ்சை ஊரும் ஒன்றல்ல. ஒன்றைப் பார்த்தவர் மற்றொன்றைச் சொல்லவில்லை என்று குறைகூறுவது நியாயமில்லை. ஆனால் ‘தஞ்சைக் கிராமம்’ என்று ஒருமையில் எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். கஃப் தம் இரண்டாவது ஊரைக் கிழக்குப் பக்கம் தேர்ந்தெடுத்தது வீண் வேலையில்லை என்று இப்போது தெரிகிறது.

இதே சண்டை கோட்பாட்டு அளவிலும் நடந்தது. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடம் களப்பணி செய்த லூயி துய்மோன், 1966இல் வெளியிட்ட நூலில், சாதியின் அடிப்படை தூய்மை-தீட்டு என்ற எதிர்நிலை என்றார். இன்றும் தேர்வில் கேட்கப்படும் வாதம் அது. செங்கல்பட்டுப் பக்கமும் கேரளத்திலும் வேலை செய்த ஜோன் மென்ஷர், 1974இல் ஒரு கட்டுரையில் இதைத் தலைகீழாகத் திருப்பினார்: கீழே இருப்பவரைக் கேட்டால் தீட்டு, தர்மம் என்றெல்லாம் பேசமாட்டார், சுரண்டலைப் பற்றித்தான் பேசுவார் என்பது அவர் வாதம். சரி, அப்படியானால் சேரியில் தங்கினால் உண்மை தெரிந்துவிடுமா? அதுவும் உறுதியில்லை. மைக்கேல் மொஃபட் செங்கல்பட்டு வட்டாரத்தில் பட்டியல் சாதியினர் வாழும் பகுதியிலேயே ஆய்வு செய்தார். 1979இல் எழுதிய நூலில், அவர்கள் தங்களுக்குள்ளும் அதே படிநிலையைக் கட்டிவைத்திருக்கிறார்கள், மேலே உள்ளவர்களோடு பண்பாட்டு ஒத்திசைவு இருக்கிறது என்று முடித்தார். கடும் விமர்சனம் வந்தது. எனக்கும் அந்த முடிவு ஒப்புதலில்லை. வேறு வழியில்லாமல் செய்வதை ஒப்புக்கொண்டு செய்வதாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்றே தோன்றுகிறது. நிற்கும் இடம் சரியாக இருந்தாலும், என்ன கேள்வியோடு நிற்கிறோம் என்பது மிச்சமிருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்கர் தர்ஸ்டன் 1909இல் கே. ரங்காச்சாரியின் துணையோடு வெளியிட்ட, தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதிகள் பல கல்லூரி நூலகங்களில் இருக்கும். அவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கருவி வைத்து மூக்கையும் மண்டையையும் அளந்த காலத்து ஆள். தம் சாதியைப் பற்றி எழுதப்போகும் மாணவர் முதலில் ஓடுவது அந்தத் தொகுதிகளை நோக்கித்தான். அதில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதினால், காலனி அரசு யாரை எப்படிப் பார்க்க விரும்பியதோ அதையே திருப்பி எழுதியதாகும். சாதிச் சங்க மலர்கள் இந்த வேலையை ஏற்கெனவே செவ்வனே செய்துகொண்டிருக்கின்றன.

நாலு வயதில் படித்த பாடம்

உறவுமுறை அத்தியாயம் வந்தால் உலகமெங்கும் மாணவர்கள் மிரளுவார்கள். முக்கோணம் ஆண், வட்டம் பெண், இரட்டைக்கோடு திருமணம் என்று வரைந்து, அப்பாவின் சகோதரியின் மகன், அம்மாவின் சகோதரனின் மகள் என்று விரல்விட்டு எண்ண வேண்டும். ஆங்கிலம் பேசுபவருக்கு அத்தனை பேரும் ‘கசின்’. நமக்கோ இது பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் பெரியம்மா, சித்தி பிள்ளைகளும் அண்ணன் தங்கை. அத்தை பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் முறை. கேலி செய்யலாம், கட்டிக்கொள்ளலாம். கும்பகோணத்தில் மன்னார்குடி வண்டி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத இருவர், இன்னார் வீட்டில் பெண் எடுத்தவர் இன்னார் என்று ஆரம்பித்து, வலங்கைமான் வருவதற்குள் “அப்பன்னா நீங்க எனக்கு மாமா முறையாகணும்” என்று கணக்கை முடித்துவிடுவார்கள்.

இந்தக் கணக்குதான் 19ஆம் நூற்றாண்டில் லூயிஸ் ஹென்றி மார்கனைத் தூக்கிவாரிப் போட்டது. அவர் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வழக்கறிஞர். பக்கத்தில் வாழ்ந்த இரோகுவா பழங்குடியினரிடம் அப்பாவின் சகோதரரையும் அப்பா என்றே அழைக்கும் வழக்கத்தைக் கண்டார். உலகெங்கும் உள்ள பாதிரிமார்களுக்கும் தூதரகங்களுக்கும் அச்சடித்த கேள்விப் பட்டியலை அனுப்பினார். தமிழ்நாட்டிலிருந்து மிஷனரிகள் மூலம் கிடைத்த பட்டியலைப் பார்த்தால், இரோகுவா முறையும் தமிழ் முறையும் கிட்டத்தட்ட ஒன்று! அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று 1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட பெருநூலில் வாதிட்டார். அமெரிக்கப் பழங்குடிகளின் முன்னோர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பது பிறகு வேறு சான்றுகளால் நிறுவப்பட்டது. ஆனால் அதற்கு மாமா-மச்சான் முறை சாட்சி இல்லை.

இரண்டு முறைகளும் ஒன்றல்ல என்று 1964இல் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி விளக்கினார். அப்பாவின் அத்தை மகனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு அவர் மச்சான், ஆகவே நமக்கு மாமா; அவர் மகள் நமக்கு முறைப்பெண். இரோகுவா கணக்கில் அவரும் அப்பாவைப் போல ஆண் என்பதால் அப்பா முறை. அவர் மகள் தங்கை. நம்முடைய கணக்கு ஆணா பெண்ணா என்பதோடு நிற்காமல், பங்காளி வரிசையா சம்பந்தி வரிசையா என்று தலைமுறை தாண்டியும் பார்த்துக்கொண்டே போகிறது. துய்மோன் 1953இலேயே சொன்னதும் இதுதான்: திராவிட உறவுமுறையில் சம்பந்தமும், அதாவது பெண் கொடுத்து எடுக்கும் உறவும், சொத்தைப் போல வழிவழியாக இறங்குகிறது. காது குத்துக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் தாய்மாமன் தட்டு வரிசையோடு மேளம் கட்டி வருகிறாரே, அது ஒரு தலைமுறைக்கு முன் நடந்த திருமண உடன்பாடு இன்னும் உயிரோடிருக்கிறது என்ற அறிவிப்பு.

இதை நம் மாணவர் தெருவாரியாகச் சோதித்துப் பார்க்கலாம். சில சாதிகளில் அக்கா மகளைக் கட்டுவது வழக்கம், சிலவற்றில் அது ஆகவே ஆகாது. முறைப்பையன் இருக்க வெளியில் பெண் கொடுத்ததற்காக நின்றுபோன போக்குவரத்து ஊருக்கு ஊர் உண்டு. இன்று படிப்பு, வேலை, மரபணு நோய் பற்றிய அச்சம் எல்லாம் சேர்ந்து சொந்தத்தில் கட்டுவது குறைந்துவருகிறது. அப்படியும் அழைக்கும் சொற்கள் மாறவில்லை. கட்டிக்கொள்ளப்போவதில்லை என்று தெரிந்தும் மச்சான் மச்சான்தான்.

மொய் நோட்டு

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வு இல்லாமல் எந்த அறிமுகப் பாடத்திட்டமும் இல்லை. கொடுத்தாக வேண்டும், கொடுப்பதை வாங்கியாக வேண்டும், வாங்கியதற்குத் திரும்பச் செய்தாக வேண்டும் என்ற மூன்று கட்டாயங்களை அவர் சொன்னார். மலினோவ்ஸ்கியின் தீவுகளில் சிப்பி மாலைகள் ஒரு திசையிலும் சிப்பிக் காப்புகள் எதிர்த்திசையிலும் கை மாறிக்கொண்டே சுற்றும் ‘குலா’ முறை அவருக்கு ஒரு முக்கியமான சான்று. டெல்டா மாணவர் அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடக் கூடாது, வீட்டு அலமாரியில் துணிப்பையில் சுற்றி வைத்திருக்கும் மொய் நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கல்யாண மண்டப வாசலில் ஒரு மேசை. ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், ஒருவர் எழுதுவார். பெயர் மட்டும் போதாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்து, ஊர், தெரு, சில சமயம் பட்டப்பெயர். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், நாளைக்குத் திருப்பிச் செய்யும்போது ஆள் மாறிவிடக் கூடாது. தொகை 101, 501, 1001 என்று ஒன்றில்தான் முடியும். விருந்து முடிந்த ராத்திரி குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து நோட்டைப் படிக்கும். “நம்ம ஐநூறு செஞ்சிருக்கோம், இருநூத்தியொண்ணு எழுதியிருக்கான் பாரு.” அந்த ராத்திரிப் பேச்சைக் குறிப்பெடுத்தாலே ஓர் இனவரைவியல், அதாவது ஒரு சமூகத்தின் வாழ்க்கையை நேரில் பார்த்து எழுதும் பதிவு, கிடைத்துவிடும்.

பேராவூரணிப் பக்கமும், அதை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கமும் இது தனி நிகழ்ச்சியாகவே வளர்ந்திருக்கிறது. கல்யாணம், காதுகுத்து என்று காரணம் எதுவும் வேண்டாம். ஆடி மாதத்தில் பந்தல் போட்டுப் பத்திரிகை அடித்து மொய் விருந்து வைக்கிறார்கள். செலவைக் குறைக்கப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. ஆட்டுக்கறிச் சாப்பாடு. வாங்கியவர் திருப்பிச் செய்வதோடு மேலே ஒரு தொகையும் வைப்பார்; அந்த மேல்தொகை அடுத்த சுற்றுக்கான கணக்கைத் திறந்துவைக்கும். பெரிய விருந்துகளில் பணம் எண்ணும் இயந்திரம் வைத்து எண்ணியதாகச் செய்திகள் வந்திருக்கின்றன. அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் உண்டு, கடை வைத்தவர்கள் உண்டு, பெண் கல்யாணத்தை முடித்தவர்கள் உண்டு.

‘வட்டியில்லாக் கடன்’ என்று செய்தித்தாள் இதற்குப் பெயர் வைத்துவிட்டுப் போய்விடும். மானிடவியல் மாணவரின் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. இந்தக் கடனுக்குத் தவணை இல்லை. கொடுத்தவர் தன் வீட்டில் விருந்து வைக்கும்வரை கேட்க முடியாது. பத்திரம் இல்லை, ஆனால் ஊரே சாட்சி. திருப்பிச் செய்யாதவரை நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டியதில்லை, பெயரை நாலு பேர் முன்னால் சொன்னால் போதும். இதுவரை மோஸ் சொன்னது சரிவரும். அப்புறம் அவர் அதிகம் கவலைப்படாத கேள்விகள் வரும். நோட்டில் யார் பெயர் ஏறுகிறது? பெரும்பாலும் வீட்டு ஆணின் பெயர். விருந்துக்கான உழைப்பில் பாதிக்குமேல் பெண்களுடையது. எந்தத் தெரு எந்தத் தெருவுக்கு மொய் செய்கிறது? நிலம் இல்லாத கூலிக் குடும்பம் இந்தச் சுற்றுக்குள் வர முடிகிறதா, வந்தால் திருப்பிச் செய்யக் கடன் வாங்குகிறதா? 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னையை வேரோடு சாய்த்தபோது மொய் விருந்தும் படுத்துவிட்டது. இன்சூரன்ஸ் போல இருக்கிறது என்று சொல்லப்படும் ஏற்பாடு, எல்லோருக்கும் ஒரே நாளில் அடி விழுந்தால் யாரையும் காப்பாற்றாது என்பது அப்போது தெரிந்தது.

தாய்மாமன் சீரை இந்த நோட்டில் எழுத மாட்டார்கள், எழுதினாலும் தனிப் பக்கம். பணம் ஒன்றாக இருந்தாலும் கணக்கு வேறு. ஒன்று சம்பந்தி வழியில் கீழே இறங்கும் கடமை, மற்றது பக்கவாட்டில் சுற்றும் கடன். இந்த வேறுபாட்டைப் பாடநூல் எதுவும் சொல்லித்தராது, நோட்டைப் புரட்டினால் தெரியும்.

உள்ளே இருப்பவருக்கும் தெரியாதது

இதுவரை சொன்னதில் உள்ளூர்க்காரருக்கே சாதகம். ஆனால் உள்ளூர்க்காரர் என்று ஒரே ஆள் கிடையாது.

ஆர்னால்டு வான் ஹென்னெப் 1909இல் வாழ்க்கை வட்டச் சடங்குகளுக்குச் சொன்ன மூன்று கட்டங்கள், அதாவது பிரித்தல், இடைநிலை, மீண்டும் சேர்த்தல், பெண்ணின் பூப்புச் சடங்குக்கு அச்சாகப் பொருந்தும். தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்ட, தனித் தட்டு, தனி டம்ளரோடு பெண் ஒதுக்கி வைக்கப்படுகிறாள். சில நாள் கழித்து மஞ்சள் நீராட்டி, மாமன் கொண்டுவந்த சேலையைக் கட்டி, சபையில் உட்கார வைக்கிறார்கள். படம் வரைந்து மூன்று கட்டங்களையும் குறித்தால் ஐந்து மதிப்பெண் நிச்சயம். அந்தக் குடிசைக்குள் உட்கார்ந்திருந்த பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு என்ன தோன்றியது, தெருமுனையில் தன் படத்தோடு ஃபிளெக்ஸ் கட்டப்பட்டபோது பள்ளிக்கூடத்தில் என்ன பேசினார்கள் என்பது படத்தில் வராது. அதே ஊரில் பிறந்து வளர்ந்த மாணவனுக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். மாணவிக்குக் கேட்காமலே தெரியும், ஆனால் தெரிந்ததை எழுதத் தயங்குவாள். இரண்டுமே களப்பணியின் சிக்கல்கள்தான். ஆண் ஆய்வாளர்கள் நீண்டகாலம் ‘அந்தச் சமூகம்’ என்று எழுதியது பெரும்பாலும் ஆண்கள் சொன்ன சமூகம் என்று 1970களில் பெண்ணிய மானிடவியலாளர்கள் எழுப்பிய கேள்வியை நம் ஊர்ச் சடங்கு வீட்டிலேயே பார்க்கலாம்.

ஆடிப்பெருக்கும் அப்படியே. காவிரி அம்மனுக்கு மசக்கை, அதனால்தான் சித்திரான்னமும் காப்பரிசியும் படைக்கிறோம் என்று படித்துறையில் பாட்டி சொல்வது உள்ளிருந்து தரப்படும் விளக்கம். ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்கால்களில் ஏறும் பருவத்தில் நதியை வரவேற்று ஊர் ஒன்றுகூடுகிறது என்பது வெளியிலிருந்து தரப்படும் விளக்கம். தேர்வுக்கு இரண்டையும் எழுதலாம். எனக்கு இரண்டையும்விட, அணை திறக்காத வருடங்களில் வறண்ட மணலில் ஊற்றுத் தோண்டியும், அடிபம்பு போட்ட இடத்தில் கூடியும் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறார்களே, அதுதான் ஆராய வேண்டியதாகப் படுகிறது. தண்ணீர் இல்லாமலே நடக்கிற நீர்ச் சடங்கை ‘ஒன்றுகூடல்’ என்று ஒரு சொல்லில் அடைத்துவிட முடியாது. தலைமடை ஊரில் நடக்கிற ஆடிப்பெருக்கும், தண்ணீர் வருமா வராதா என்று காத்திருக்கும் கடைமடை ஊரில் நடப்பதும் ஒரே விழாவா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

‘அவங்க பழக்கம் அப்படி’

முதலாண்டு வகுப்பில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது பண்பாட்டுச் சார்புவாதம். அமெரிக்க மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸும் அவர் மாணவர்களும் வற்புறுத்தியது எளிய விஷயம்: ஒரு பழக்கத்தை உன் அளவுகோலால் அளந்து மட்டம்தட்டாதே, அது இருக்கும் சூழலுக்குள் வைத்து முதலில் புரிந்துகொள். ஐரோப்பியர் மற்றவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று வரிசைப்படுத்திய காலத்தில் அது பெரிய அரசியல். அதையே நம் ஊரில் ஒருவர், ‘டீக்கடையில் தனிக்குவளை வைப்பது அந்த ஊர்ப் பழக்கம், நாம் யார் கேட்க?’ என்று மாற்றிவிட்டால் போவாஸ் எழுந்துவந்து அடிப்பார். யாருடைய பழக்கம்? குவளையை வைத்தவருடையதா, அதில் குடிக்க மறுத்து அடி வாங்கியவருடையதா? ஓர் ஊருக்கு ஒரே பண்பாடு என்று எடுத்துக்கொண்டால் வலுத்தவர் சொல்வதே பண்பாடு ஆகிவிடும். புரிந்துகொள்வதற்கான முறையை நியாயப்படுத்துவதற்கான முறையாக மாற்றக் கூடாது என்று பாடநூல் ஒரு வரியில் சொல்லும். டெல்டாவில் அந்த வரிக்கு ஒரு வகுப்பு முழுவதும் செலவழிக்கலாம்.

சரி, அந்தப் பத்துப் பக்கம்? முதல் பக்கத்தில் எழுதுபவர் யார், எந்தத் தெரு, யார் வீட்டில் உட்கார்ந்து பேசினார், எந்தத் தெருவுக்குள் போக முடியவில்லை என்று இருக்கட்டும். செல்போனில் பதிவு செய்வதென்றால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேட்பது களவு. சாதியைக் கேட்க வேண்டியிருந்தால் சுற்றி வளைக்காமல், எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லிக் கேட்பது மேல், பதில் சொல்ல மறுக்கவும் விட வேண்டும். பெயரை மாற்றினால் ஆளை மறைத்ததாக நினைக்க வேண்டாம். ‘கும்பப்பேட்டை’ என்று கஃப் பெயர் மாற்றியது கடல் கடந்த வாசகருக்குப் போதும். ‘கீழத்தெருவில் இரண்டு டிராக்டர் வைத்திருக்கும் முன்னாள் ஊராட்சித் தலைவர்’ என்று எழுதினால் ஒன்றியம் முழுக்க ஆள் தெரிந்துவிடும். வட்டித் தகராறோ ஓடிப்போன கல்யாணமோ அந்தப் பத்தியில் இருந்தால், கட்டுரைக்கு மதிப்பெண் வருவதற்குள் வீட்டு வாசலுக்கு ஆள் வந்துவிடும். அந்த மாதிரிச் செய்தியைக் குறிப்பேட்டிலேயே விட்டுவிட வேண்டும். மொய் நோட்டை ஒளிநகல் எடுத்து இணைப்பாக வைக்கிறேன் என்று கிளம்பும் மாணவருக்கும் இதே பதில்தான்: தொகையை எழுதலாம், பெயர்ப் பத்தியை மறைத்துவிட்டு.